பழுப்புத் தண்ணீர்

ஆய்வுக்கூடத் தலைவியைச் சல்லடை என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். கரி வைத்து வடிகட்டாத ஒரு சொட்டுக் கடல்நீரைக்கூட அவர் சோதனைக்கு விடமாட்டார். அவரிடம் சோதனையாளராக இருந்தவள், தண்ணீர் கொண்டுவரும் வேலையில் தன் அக்கா புருஷனையே சேர்த்துவிட்டிருந்தாள். அது வினையாகப் போயிற்று.

செம்பு கலந்த கடல்நீரைச் சிப்பிக் குஞ்சுகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பது அவள் வேலை. அன்று கரி தீர்ந்துபோயிருந்தது. ஒருநாள்தானே என்று அப்படியே சோதித்துவிட்டாள். வழக்கமாகப் பாதிக் குஞ்சுகளைக் கொல்லும் அளவுக்குச் செம்பு விட்டும் அவை ஜாம் ஜாமென்று நீந்தின. சல்லடை கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் லேசாகப் பழுப்பேறியிருந்தது.

விசாரித்தபோது அத்தான் மென்று விழுங்கினார். படகு எஞ்சின் மக்கர் பண்ணியதால் நடுக்கடலுக்குப் போகாமல், ஆறு வந்து சேரும் இடத்திலேயே கேனை நிரப்பியிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் சல்லடை. சோதனைத் தாளிலும் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

"என்னால உனக்கும் கெட்ட பேரு," என்று அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. முதலில் அத்தான் மேல், பிறகு தன் மேல். கோபம் கொஞ்சம் ஆறியதும்தான் புத்தி வேலை செய்தது. அழுக்குத் தண்ணீர் என்றால் குஞ்சுகள் கூடுதலாக அல்லவா சாக வேண்டும்? ஏன் சாகவில்லை?

மிச்சமிருந்த தண்ணீரில் உப்பை நடுக்கடல் அளவுக்குச் சரிசெய்தாள். ஒரு பங்கை அப்படியே வைத்தாள். புதுக் கரி வாங்கி மற்ற பங்கை வடிகட்டினாள், பழுப்பு போய்ப் பளிங்காயிற்று. இரண்டிலும் ஒரே அளவு செம்பு விட்டாள். கரியே குஞ்சுகளைக் கொன்றது என்று யாரும் வாய் திறக்கக் கூடாதே, அதனால் செம்பு விடாத பளிங்குத் தண்ணீரும் ஒரு குவளை வைத்தாள்.

இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் சல்லடையை நுண்ணோக்கியின் முன்னால் உட்கார வைத்தாள். செம்பில்லாத குவளையில் எல்லாம் நலம். செம்பு விட்ட பளிங்குத் தண்ணீரில் ஓடு கோணிய பிணங்கள். அதே செம்பு விட்ட பழுப்புத் தண்ணீரில் குஞ்சுகள் திமிராக நீந்தின. சல்லடை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மக்கிய இலைதழையிலிருந்து ஆற்றோடு வந்த பழுப்பு, செம்பைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்று அவள் விளக்கினாள். இங்கே இத்தனை வருஷமாக அந்தப் பழுப்பைத்தான் கரி கொண்டு எடுத்தெறிந்துவிட்டு, உண்மையான கடலைச் சோதிப்பதாக நினைத்திருந்தார்கள்.

"தண்ணியில எவ்வளவு செம்பு இருக்குன்னு பாத்தா மட்டும் போதாது மேடம். அதுல எவ்வளவு கட்டில்லாம சுத்துதுன்னு பாக்கணும்."

சல்லடை தானே ஃபோனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டார்.

"நான் அவசரப்பட்டுட்டேன். திங்கக்கிழமை வந்துடுங்க. ஆத்து வாய்ல பத்து கேன், நடுக்கடல்ல பத்து கேன். ரெண்டும் வேணும்."

அவள் ஃபோனை வாங்கினாள்.

"ஜெயிச்சுட்டோம் அத்தான்."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் பெரிதாக வந்துவிட்டது. அவள் அதைக் குறைத்துக்கொள்ளவில்லை.