மாட்டு வண்டிக்கு எட்டு

இலக்கியாவின் அம்மா மருதாயி புறவழிச்சாலையின் சென்டர் மீடியனில் வசிக்கத் தொடங்கி இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. எதிர்ப்பக்கத்து மில் கேண்டீனுக்கு வேலைக்குப் போவதற்காக ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வீட்டைவிட்டு இறங்கினாள். பாதிச் சாலையைக் கடந்தாள். மீதிப் பாதியில் வண்டிகள் விடவில்லை. திரும்பிவிடலாம் என்று பார்த்தால் வந்த பாதியிலும் விடவில்லை. அவளுக்கு முன்பே அங்கே பதினேழு பேர் இருந்தார்கள். அவளுக்குப் பின்னால் கரண்டு மீட்டர் கணக்கெடுக்கிற ஒருவர் வந்து சேர்ந்தார். ஆக மொத்தம் பத்தொன்பது பேர்.

மீடியன் பதினாறு அடி அகலம். நெடுகிலும் அரளி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அரளிக்குத் தண்ணீர் ஊற்ற லாரி ஊர்ந்து வரும். செடிக்குப் போக மிச்சத்தைக் குடத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்த லாரி நிற்கக் கூடாது, ஊர்ந்தபடியேதான் போக வேண்டும், ஊர்கிற வண்டியில் ஆள் ஏறுவது விதிப்படி குற்றம் என்பதால் யாரும் அதில் ஏறுவதில்லை. மதியச் சோற்றை இலக்கியா பொட்டலமாகக் கட்டி, சாலையோரத்தில் நின்று, இரண்டு லாரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து வீசுவாள். மருதாயி இடது கையால் பிடித்துவிடுவாள். ஆரம்பத்தில் ஏழெட்டுப் பொட்டலம் டயருக்குப் போனது. இப்போது ஒன்றுகூடத் தப்புவதில்லை.

சாப்பிட்ட பிறகு இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். நடுவில் லாரி வந்தால் குரல் மட்டும் இருக்கும்.

அம்மாவை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இலக்கியா, சிவில் படிப்பை முடித்த கையோடு, போக்குவரத்துத் திட்டமிடலும் உள்கட்டமைப்புப் பொறியியலும் என்ற எம்.ஈ. படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் மற்ற பதினோரு பேரும் வேலைக்காகச் சேர்ந்தவர்கள்.

முதல் வகுப்பிலேயே பேராசிரியர் ஞானசிகாமணி கரும்பலகையில் ஓர் அட்டவணை போட்டார். சாலையில் போகிற ஒவ்வொன்றும் எத்தனை காருக்குச் சமம் என்று சொல்கிற அட்டவணை. கார் ஒன்று. பஸ் மூன்று. மோட்டார் சைக்கிள் அரை. சைக்கிளும் அரை. மாட்டு வண்டி எட்டு. அதற்குக் கீழே கோடு போட்டு முடித்துவிட்டார். இலக்கியா எழுந்தாள்.

"சார், நடந்து போறவங்களுக்கு எவ்வளவு சார்?"

"அவங்க வண்டி இல்லையேம்மா. அவங்க பக்கவாட்டு உரசல்ல வருவாங்க. உக்காரும்மா."

பக்கவாட்டு உரசல் என்றால், ஓடுகிற வண்டியின் வேகத்தை ஓரத்திலிருந்து குறைக்கிற சமாச்சாரங்கள். கொட்டிக் கிடக்கிற மணல், மேய்கிற ஆடு, கடப்பதற்காக நின்றுகொண்டிருக்கிற அம்மா. எல்லாம் ஒரே தலைப்பு. இலக்கியா உட்கார்ந்தாள். அன்றைக்கு மதியம் பொட்டலத்தை அவள் வீசிய வேகத்தில் அது மீடியனைத் தாண்டி மில் காம்பவுண்டுக்குள் போய் விழுந்தது.

இரண்டாம் வருஷம் ஆய்வேட்டுக்கு அவள் எடுத்த தலைப்பு அம்மா நிற்கிற இடம்தான். அந்த இடத்தில் ஆட்கள் கடப்பதற்கு ஒரு சிக்னலும் கோடும் வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் கடக்கிற ஆட்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் ஓடுகிற வண்டிகளின் எண்ணிக்கையால் இரண்டு தடவை பெருக்க வேண்டும். வருகிற எண் போதுமான அளவு பெரிதாக இருந்தால் சிக்னல் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நியாயம்போலத் தோன்றுகிற எதையும் அவள் அப்போது நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

மூன்று நாள், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, மடக்கு நாற்காலி போட்டு, குடை பிடித்து எண்ணினாள். நான்கு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழிப்பதுதான் எண்ணுகிற முறை. வண்டிகளுக்குக் கோடு போட்டுப் போட்டு ஆட்காட்டி விரல் காய்த்துப்போனது. ஆட்களுக்கு உரிய பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. எதிர் ஓரத்தில் கால் வைத்தவரைத்தான் கடந்தவர் என்று எண்ண வேண்டும் என்பது விதி.

மூன்றாம் நாள் மருதாயி போனில் கேட்டாள்.

"ஏத்தா, என்னைய எண்ணிட்டியா?"

"இல்லம்மா."

"எந்திரிச்சு நிக்கட்டுமா? அரளி மறைக்குதோ?"

"நல்லாத் தெரியுறம்மா. நீ அந்தப் பக்கம் போய்ச் சேந்தாத்தான் எண்ண முடியும்."

"போய்ச் சேர முடியாமத்தானடி இங்க நிக்கிறோம்."

"அதை எழுதறதுக்குப் படிவத்துல எடமில்ல."

நடுவில் ஒரு கன்டெய்னர் லாரி போனது. அது போன பிறகு மருதாயி, "அந்தப் படிவத்தை எழுதுனவன் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

பூஜ்யத்தை எதனால் எத்தனை தடவை பெருக்கினால் என்ன. ஞானசிகாமணி கணக்கைப் பார்த்துவிட்டு, "பூஜ்யமும் ஒரு முடிவுதாம்மா, மனசை விட்றாதே" என்றார். நல்ல மனுஷர்தான். அந்த நல்ல மனசைப் பார்த்தபோதுதான் இலக்கியாவுக்குக் கூடுதலாக ஆத்திரம் வந்தது. கெட்டவனாக இருந்தால் முகத்தைப் பார்த்துக் கத்தியாவது இருக்கலாம்.

சாலை அலுவலகத்தில் கோட்டப் பொறியாளர் தனுஷ்கோடி இன்னும் தெளிவாகச் சொன்னார்.

"தேவை இருந்தா கடந்திருப்பாங்களே?"

"சார், பத்தொம்போது பேரு நடுவுல நிக்கிறாங்க."

"நிக்கிறாங்க. நானும் தினம் பாக்குறேன். கடக்கலையே?"

"மாட்டு வண்டிக்கு எட்டு குடுத்திருக்கீங்க! எங்கம்மாவுக்குக் கால்கூடக் கெடையாதா?"

"மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க, எண்ணிரலாம்" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. வழி சொல்லும் பாவனையில்தான் சொன்னார். மீடியனுக்கு மாட்டு வண்டி எப்படிப் போய்ச் சேரும் என்பது அவருடைய பிரிவில் வராது.

இலக்கியா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சாலையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை பதினான்கு இடத்தில் காரணமில்லாமல் வளைந்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வளைவிலும் காரணம் நின்றுகொண்டிருந்தது. ஓரிடத்தில் ஒரு கல்லூரியின் காம்பவுண்டுச் சுவர். ஓரிடத்தில் ஒருவருடைய தென்னந்தோப்பு. ஓரிடத்தில் பெட்ரோல் பங்கு வரப்போகிற காலி மனை. சுவருக்காக இந்தச் சாலை வளைந்திருக்கிறது, தேங்காய்க்காக வளைந்திருக்கிறது, இன்னும் வராத பெட்ரோலுக்காக வளைந்திருக்கிறது. பத்தொன்பது பேருக்காக ஒரு கோடு போட மட்டும் அதற்குக் கணக்கு வேண்டுமாம்.

அன்றைக்கே ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். அம்மா சாலையைக் கடக்க வேண்டாம். சாலை அம்மாவைக் கடக்கட்டும். வீடு மேற்கே இருக்கிறது. சாலையைக் கிழக்கே பாதி அகலம் நகர்த்தினால், மீடியனில் நிற்கிற பத்தொன்பது பேரும் நின்ற இடத்தில் நின்றபடியே மேற்கு ஓரத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்து முப்பது எட்டு வைத்தால் வீடு.

ஞானசிகாமணியின் முகம் மலர்ந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. ஆளைக் கடக்க வைக்கிறதுக்கு எந்தத் திட்டமும் கிடையாது. ரோட்டை நகத்துறதுக்கு நாலு திட்டம் இருக்கு."

இருபத்திரண்டு நாளில் அனுமதி வந்தது. சின்னதாக ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். கிழக்கே மில்லை ஒட்டிக் கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. வைகாசி வரைக்கும் முகூர்த்தம் பதிவாகிவிட்டது. ஆகவே சாலை மேற்கே நகரும். மேற்கே வீடுகளும், வீடுகளுக்குப் பின்னால் கண்மாயும்தான். கண்மாயில் முகூர்த்தம் எதுவும் இல்லை.

இலக்கியா உத்தரவைப் படித்தாள். இரண்டாம் தடவை படிக்கும்போது எழுத்துகள் ஆடின. கோபத்தில் அவளுக்கு அழுகை வரும். அழுதுகொண்டே போய் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை பத்து மணிக்குத் தனுஷ்கோடி ஆட்களோடு வந்தார்.

"நான் இந்த எடத்தைவிட்டு நகர மாட்டேன் சார்!"

"நீங்க ஏம்மா நகரணும்? ரோடு நகந்துக்கும்" என்றார் தனுஷ்கோடி. "வீட்டு அகலம் பதினாறு அடி. மீடியனும் பதினாறு அடி. அளந்துதான் போட்டிருக்கோம். ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டோம்."

சொன்னபடியே செய்தார்கள். ஜமக்காளத்தை இழுப்பதுபோல் அறுபது பேர் சாலையின் விளிம்பைப் பிடித்து மேற்கே இழுத்தார்கள். வண்டிகளை நிறுத்தவில்லை. அவை தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே நகர்ந்தன. பதினொன்றரை மணிக்குச் சாலையின் ஒரு பாதி வீடுகளுக்குப் பின்பக்கமாகக் கண்மாய்மேல் போய் அமர்ந்தது. மறு பாதி இலக்கியாவின் வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றது. வீட்டு வரிசை முழுவதும் மீடியனில் இருந்தது. ஒரு வீடும் இடிபடாமல் முடிந்த முதல் சாலைப் பணி என்று அதற்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

பத்தொன்பது பேரும் நின்ற இடத்தில் நின்றபடியே கிழக்கு ஓரத்துக்கு வந்திருந்தார்கள். அரளிச் செடிகளை மட்டும் மீடியனோடு கொண்டுபோய்விட்டார்கள். இலக்கியாவின் போன் அடித்தது.

"ஏத்தா, நான் கடந்துட்டேன்டி! மில் கேட்டுலதான் நிக்கிறேன்!"

இலக்கியா ஓடிப்போய்ப் படிவத்தை எடுத்து வந்து கோடு போட்டாள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மூன்று கட்டும் மீதி நான்கு கோடும். பத்தொன்பது. ஒரே மணி நேரத்தில் கடந்தவர்கள். பெருக்கிப் பார்த்தாள். சிக்னலுக்குத் தேவையான எண்ணைப்போல ஒன்றரை மடங்குக்கு மேலேயே வந்தது. கணக்கை அப்படியே படம் பிடித்துத் தனுஷ்கோடிக்கு அனுப்பினாள்.

அவர் உடனே கூப்பிட்டார். "கணக்கு ரொம்பச் சரிம்மா. ஆனா அதான் எல்லாரும் கடந்துட்டாங்களே, இனி சிக்னல் எதுக்கு?"

அவள் போனைச் சுவரில் எறியப் போனாள். அம்மாவோடு பேச அது ஒன்றுதான் இருக்கிறது என்பதால் எறியவில்லை.

ஆய்வேடு செயலுக்கு வந்துவிட்டதால் அவளுக்கு முதல் வகுப்பில் சிறப்புத் தகுதியோடு பட்டம் கொடுத்தார்கள். சான்றிதழை அரளிக்குத் தண்ணீர் ஊற்றுகிற லாரிக்காரர்தான் ஊர்ந்தபடியே நீட்டினார். மதியம் பன்னிரண்டரைக்கு மருதாயி கேண்டீனிலிருந்து வந்து, கிழக்கு ஓரத்தில் நின்று, இடைவெளி பார்த்துச் சோற்றுப் பொட்டலத்தை வீசுவாள். முதல் வாரம் நான்கு பொட்டலம் டயருக்குப் போனது. இலக்கியாவுக்கு இடது கை வராது.

ஆடி பிறந்ததும் மருதாயி கேண்டீனில் சொல்லிவிட்டு எம்.ஈ.யில் சேர்ந்தாள். எட்டாவதுதான் படித்திருக்கிறாள். இரண்டு வருஷம் நான்கு மாதக் கள அனுபவத்தைச் சேர்க்கைக் குழு ஏற்றுக்கொண்டது. மில் பஸ் சுற்றிக்கொண்டு கல்லூரி வாசல் வழியாகத்தான் போகிறது. முதல் நாள் போகும்போது பொட்டலத்தைப் பஸ் ஜன்னலிலிருந்தே வீசிவிட்டுப் போனாள்.

அந்தத் திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. அன்று போன் வரவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் பொட்டலமும் வரவில்லை. இலக்கியா பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கிச் சமாளித்தாள். வியாழக்கிழமை காலை போன் அடித்தது.

"மாட்டு வண்டிக்கு எட்டாம்ல, ஏத்தா?"

"ஆமாம்மா."

"திங்கக்கெழமயே எந்திரிச்சுக் கேட்டேன், எனக்கு எவ்வளவுன்னு. அந்த வாத்தியாரு உக்காரும்மான்னாரு."

"அப்புறம்?"

"இன்னும் உக்காரல" என்றாள் மருதாயி. அவள் குரலுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, ஞானசிகாமணி இரண்டாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.