பாய்மரத்துக்குக் கீழே ஒரு புள்ளி

தபால்தலை சேகரிப்போர் சங்கத்தில் அவருக்குப் புள்ளிக்காரர் என்றுதான் பேர். எல்லாம் ஒரு பழைய கப்பல் தபால்தலையால் வந்த வினை. அதில் பாய்மரத்துக்குக் கீழே குண்டூசி முனையளவு ஒரு புள்ளி. அச்சுத் தகட்டிலேயே இருந்த குறை அது என்று பதினோரு வருஷமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டார். தகட்டுக் குறை என்றால் இன்னொரு பிரதியிலும் அதே இடத்தில் இருக்க வேண்டாமா என்று சங்கம் கையை விரித்துவிட்டது.

கட்டுக்கட்டாக வாங்கிப் புரட்டினார். மனைவியும் லென்சும் இடுக்கியுமாகக் கூடவே உட்கார்ந்தாள். போன வருஷம், படுத்த படுக்கையாவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தபால்தலையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதப் பாருங்க. உங்க புள்ளிதானே?"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. முடியளவு பிசகாமல் இடத்தை அளந்த மனிதர், மையைப் பார்க்க மறந்தார். சங்க இதழில் கட்டுரை வந்தது. அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்தாள்.

இன்று சங்கச் செயலாளர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது பிரதிய ஈரப் பஞ்சால தொட்டுப் பாத்தாங்க. புள்ளி கரைஞ்சு போச்சு. பேனா மைங்க. வேற யாராவது வச்சிருந்தா சொல்லிடுங்க, உங்க பேர நான் காப்பாத்திடுறேன்."

ஆல்பத்தில் குறிப்பெழுத அவள் வைத்திருந்த மெல்லிய பேனா மேஜைமேல் கிடந்தது.

"நான்தான் வச்சேன்," என்றார்.

"உங்கள நம்பினோமே," என்று செயலாளர் எழுந்துபோனார். இனி சங்கத்துப் படியேற முடியாது.

அவள்மேல் கோபம் வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. அவருடைய தொங்கிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தானே செய்திருக்கிறாள், பாவி.

அப்புறம்தான் ஆல்பம் நினைவுக்கு வந்தது. சங்கத்துக்கு இன்னும் காட்டாத குறைகள், ஜோடி ஜோடியாக நாற்பது பக்கம். பெரும்பாலும் ஜோடியைத் தேடிக் கொடுத்தவள் அவள்தான். கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து பஞ்சை நனைத்தார்.

கடைசிப் பக்கத்தில் தொட்டார். கரைந்தது. நடுவில் ஒன்றைத் தொட்டார். அதுவும் கரைந்தது. முதல் பக்கத்துக்குப் போனார். கல்யாணமான மறுவருஷத் தேதி. பக்கத்தில் அவள் கையெழுத்தில் 'உறுதி' என்றிருந்தது.

அதை அவர் தொடவில்லை. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஆல்பத்தை மூடினார்.