கிணற்று நீரின் நிறம்

மீன் தொட்டி வைத்து ஏழு வாரம் ஆகிவிட்டது. அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. மீன் கழிவிலிருந்து கடைசியாகச் சேரும் நைட்ரேட் மட்டும் இறங்க மறுத்தது.

லிவியு சோதனைக் குழாயை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தான். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சிவந்திருந்தது. வண்ண அட்டையில் அது எண்பது. மூன்று நாளாகத் தினமும் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறான். அப்படி மாற்றத் தொடங்கிய அன்று நாற்பதுதான் இருந்தது.

சோதனைக்கான இரண்டாம் மருந்துப் புட்டியைச் சரியாகக் குலுக்கவில்லையோ? ஆனால் குலுக்காவிட்டால் அளவு குறைவாகத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. கை வலிக்கக் குலுக்கி மறுபடி பார்த்தான். அதே சிவப்பு.

"மீனுக்கு ரத்தப் பரிசோதனை பண்றவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்" என்றாள் மனைவி ராலூக்கா, உள்ளறையிலிருந்து.

"மெதுவா பேசு, பாப்பா முழிச்சுக்கும்."

"அவ எங்க முழிக்கிறா? பால் குடிக்கவே தட்டி எழுப்ப வேண்டியிருக்கு."

பாப்பா இலிங்காவுக்கு இரண்டு மாதம். வியாழக்கிழமையிலிருந்து உதடு வெளிறி, லேசாக நீலம் பாரித்திருந்தது. எதிர்க்காற்று பட்டுவிட்டது என்று ராலூக்கா ஜன்னல்களை அடைத்துவிட்டாள். லிவியுவின் அக்கா வந்து கண் வைத்துவிட்டுப் போனாள் என்று மணிக்கட்டில் சிவப்பு நூலும் கட்டியிருந்தாள்.

லிவியு கிரயோவா நகரில் மீன் வாங்கிய கடைக்குப் போன் போட்டு, நைட்ரேட் ஏறுவதைச் சொன்னான். கடைக்காரி ஒட்டிலியா சிரித்தாள்.

"தீனிய அள்ளிக் கொட்டியிருப்பே."

"ஒரு சிட்டிகைதான் அக்கா. இருக்கறதே ஆறு மீன்."

அவள் சிரிப்பு நின்றது. "ஊத்துற தண்ணிய சோதிச்சியா?"

"கிணத்துத் தண்ணி அக்கா. அப்பா காலத்துலேர்ந்து குடிக்கிறோம்."

"குடிச்சியான்னு கேக்கல. சோதிச்சியான்னு கேட்டேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். போன வருடம்தான் ஊருக்குக் குழாய் வந்தது. குளோரின் நாற்றம். மீனுக்கு ஆகாது என்று அதைத் தொட்டியில் ஊற்றவில்லை. மீனுக்கே ஆகாததைப் பாப்பாவுக்குக் கொடுக்காதே என்று ராலூக்காவிடம் சொன்னவனும் அவன்தான். கிணற்றுக்கும் பன்றிக் கொட்டிலுக்கும் இடையே பத்தடி. போன வாரம் பனி உருகியபோது சாணத் தண்ணீர் அந்தப் பத்தடியில்தான் தேங்கி நின்று வற்றியது.

சொட்டு மருந்தை எண்ணி விட்டான். குலுக்கினான். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள்ளேயே குழாய் முழுக்கச் சிவந்து, அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிக் கறுத்தது.

"நூத்தறுவதுக்கும் மேல அக்கா."

"வீட்ல கைக்குழந்தை இருக்குன்னு சொன்னியே. தாய்ப்பாலா, டப்பாப் பாலா?"

"டப்பா."

"இந்தத் தண்ணியிலயா கலக்குறீங்க?"

"ஆமா அக்கா."

"லிவியு, பிள்ளையோட உதடு என்ன நிறம்?"

"நீலம்."

"போனை வச்சுட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடு. பச்சைக்குழந்தை ரத்தத்துல அது மூச்சுக்காத்தை ஒட்ட விடாது. ஆஸ்பத்திரியில நைட்ரேட்டுன்னு சொல்லு. காத்து, கண்ணுன்னு உளறாதே."

உள்ளே ராலூக்கா பால் புட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவன் புட்டியைப் பிடுங்கினான். பாதி காலியாகியிருந்தது. இலிங்காவின் விரல் நகங்களும் நீலமாக இருந்தன. தொட்டியில் ஆறு மீன்களும் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரி முப்பத்தெட்டு கிலோமீட்டர். காரைக் கிளப்பும்போதே விஷயத்தைச் சொன்னான்.

"நான் கொதிக்க வச்சுத்தானே குடுத்தேன்" என்றாள் ராலூக்கா. "உதட்டைப் பாத்ததும் பயந்து இன்னும் நல்லா கொதிக்க வச்சேன். பாதியா சுண்டுற வரைக்கும்."

கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும். நைட்ரேட் அப்படியே தங்கும். பாதியாகச் சுண்டினால் இரண்டு மடங்கு. லிவியு அதைச் சொல்லவில்லை. வண்டியை இன்னும் விரட்டினான்.

பின் இருக்கையில் பாப்பா அழவில்லை. அழட்டும் என்று ராலூக்கா அதன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள்.