நகாஹோரியின் நிழல் நீளம்

கால்பந்தாட்டக்காரன் நகாஹோரி ஷுன்தாவின் பேரை இணையத்தில் ஒரு தடவை எழுதினால் அவனுடைய நிழல் ஒரு சாண் நீளும்; ஒரு வாரத்தில் அது சுருங்கிவிடும். திங்கள்தோறும் மதியம் பன்னிரண்டு மணிக்கு அவனை மைதானத்தில் நிறுத்தி, கமிசாவா கால்பந்துக் குழுவின் அலுவலகத்து இகுயோ நாடா பிடித்து அளப்பாள். காசு கொடுத்துக் குழுவின் சட்டையில் தன் பேரை விளம்பரமாகப் போடும் சோயா சாஸ் கம்பெனிக்குக் கணக்கை அனுப்புவாள். நாற்பது சாண், மிஞ்சினால் ஐம்பது. புகழ்ந்தார்களா திட்டினார்களா என்று நாடா கேட்பதில்லை.

நவம்பரில் கடைசி ஆட்டத்தில் ஷுன்தா பெனால்டியை வானத்துக்கு அடித்தான். குழு கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அதைக்கூட ஊர் பொறுத்திருக்கும். ஆனால் தோற்றவர்கள் வரிசையாக நின்று ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தபோது மற்றவர்கள் பத்து நொடி குனிந்திருக்க, இவன் மூன்றாவது நொடியிலேயே நிமிர்ந்துவிட்டான். கூட்டத்தில் அப்பாவின் முகத்தைத் தேடினான், அவ்வளவுதான். எந்தப் புண்ணியவானோ அதைப் படம் பிடித்து, நொடிகளை எண்ணிப் போட்டான்.

அடுத்த திங்கட்கிழமை இகுயோவின் நாடா போதவில்லை. சைக்கிளில் போய் அளந்தாள்: எட்டாயிரத்துச் சொச்சம் சாண். நிழல் மைதானச் சுவரைத் தாண்டி, வடக்குத் தெருக்களை மூடி, ஷுன்தாவின் அப்பா தெய்ஜி தோலுரித்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த பெர்சிமன் பழங்கள்மேல் போய் விழுந்தது. காயவேண்டிய பழம் பூஞ்சை பிடித்தது. ஊரார் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நகாஹோரியால் வெயிலே போச்சு என்று போனில் எழுதினார்கள். எழுத எழுத இருட்டியது. கம்பெனி வாழ்த்துக் கடிதம் அனுப்பியது.

ஷுன்தா அலுவலகத்துக்கு வந்தான்.

"இகுயோ, என்னை என்ன வேணா சொல்லட்டும். அப்பாவோட பழம் காயணும். எப்படியாவது நிறுத்துங்க."

"ஒரு வாரம் ஊரு வாயை மூடினா போதும்."

"எது, இந்த ஊரா?"

வீடு வீடாகக் கைமாறும் தெருச் சுற்றறிக்கையில் அவள் ஒரு தாளைச் செருகினாள்: ஏழு நாள் யாரும் அந்தப் பேரை எழுதவேண்டாம். படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு வீடும் தன் முத்திரையைக் குத்திப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது. ஒரு வீடு பாக்கியில்லை. பாழாய்ப்போன ஒழுங்கு! தாங்கள் சொன்னபடி கேட்பவர்கள் என்பது அடுத்த தெருவுக்குத் தெரியவேண்டாமா? முத்திரையைப் படம் பிடித்து, 'நகாஹோரியின் பேரை நாங்கள் எழுதமாட்டோம்' என்று வீட்டுக்கு வீடு இணையத்தில் போட்டார்கள். அந்த வாரம் பன்னிரண்டாயிரம் சாண்.

தெய்ஜி அழுகிய பழங்களைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். ஒரு கயிறுகூட மிஞ்சவில்லை.

"நீ போயிடுடா," என்றார் மகனிடம். "போனாலாவது விட்டுத் தொலைவானுங்க."

ஷுன்தா வடக்கே தூரத்து ஊரில் ஒரு சின்னக் குழுவுக்குப் போனான். நிழல் போகவில்லை. திட்டுகிறவர்கள் இங்கேதானே இருந்தார்கள். அது பெனால்டிப் புள்ளியில் தொடங்கி ஊர்மேல் கிடந்தது. இகுயோ திங்கள்தோறும் அளந்தாள்.

மூன்று வருஷத்தில் பழகிவிட்டது. குளிர்காலத்தில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் வடக்குத் தெருக்காரர்கள் நிழலில் பாய் விரித்துத் தர்பூசணி தின்கிறார்கள். மத்தியானம் வெயில் பாய்மேல் ஏறினால், "யாராவது அவனை நாலு வார்த்தை திட்டுங்கப்பா, சுடுது" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் போனை எடுப்பார். நிழல் பாயின் நுனிவரை வந்துவிடும்.

தெய்ஜி மட்டும் கடைக்குப் போகும்போது குடையை விரித்துக்கொண்டு, சுற்றுவழியானாலும், மகனின் நிழலை மிதிக்காமல் வெயில் பக்கமாகவே நடந்து போவார்.