படகோட்டியின் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

"ஒன்பது விருதுக்கு நம்ம பேர் வந்துச்சு. எட்டு போச்சு," என்றான் பூச்சி. "இன்னும் ஒண்ணுதான் அக்கா. உங்களுது."

வசனக்காரி கையிலிருந்த நன்றியுரை எழுதிய சீட்டை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், மறுபடி பிரித்தாள். இசை, ஓவியம், ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று எல்லாம் வரிசையாக அடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டன. எழுத்து விருதைக் கொடுக்க வேண்டியவர் ரயிலைத் தவறவிட்டதால் அதை மட்டும் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள்.

"ஊரே விளையாடுது, ஒரு விருதுகூட இல்லையா?" என்றாள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாத்தனார். அவள் பல் டாக்டர். "என் கிளினிக்குல பல்லைப் பிடுங்க வந்தவன்கூட அதைத்தான் ஆடிக்கிட்டிருக்கான். ஊசி போட்டதே தெரியலை அவனுக்கு."

‘ஏழு கரை’ அப்படிப்பட்ட கைபேசி விளையாட்டுதான். ஆடுகிறவர் வைத்தியராகவோ திருடனாகவோ தூதுவராகவோ வேஷம் கட்டிக்கொண்டு ஏழு ஆறுகளைக் கடக்க வேண்டும். வழியில் பார்க்கிற அத்தனை பேரும் பேசுவார்கள். அத்தனை பேச்சும் திரையில் எழுத்தாக ஓடும். நான்கு வருஷம் உட்கார்ந்து அதை எழுதியவள் வசனக்காரி. ஆனால் திரையின் மூலையில் ‘தாண்டு’ என்றொரு பொத்தானும் இருந்தது. அதைத் தட்டினால் பேச்சு மறைந்து நேரே சண்டை வந்துவிடும்.

"நூத்துக்கு எண்பது பேர் தட்டுறாங்கம்மா," என்று முதலாளி போன மாசம் சொல்லியிருந்தார். "விருது வந்தா ரெண்டாம் பாகத்துலயும் உன் இஷ்டத்துக்கு எழுது. வரலேன்னா பாதி வசனத்தை வெட்டிடுவேன். மனசுல வெச்சுக்காதே."

அன்றிலிருந்து அவள் மனசில் வேறெதுவும் இல்லை.

போதாததற்கு ஒரு ரகசியம் வேறு. அவளையும் பூச்சியையும் தவிர யாருக்கும் தெரியாது. பூச்சி என்பது பட்டப்பெயர். விளையாட்டில் உள்ள பழுதுகளைப் பொறுக்கி எடுப்பது அவன் வேலை.

வசனங்களை அவள் ஒரு அட்டவணையில் எழுதுவாள். ஒவ்வொரு வரிக்கும் நேரே ‘முடிந்தது’ என்று குறித்தால்தான் அது விளையாட்டுக்குள் போகும். கடைசி ஆற்றின் படகோட்டிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். எழுதியதிலேயே அவளுக்குச் செல்லம் அவன்தான். செல்லமாயிற்றே என்று இங்கே ஒரு சொல்லை மாற்றினாள், அங்கே ஒரு சொல்லை எடுத்தாள். முடிந்தது என்று குறிக்க மட்டும் மனசே வரவில்லை. அப்படியே விளையாட்டு கடைக்குப் போய்விட்டது.

படகோட்டி பேசவில்லை. ஆடுகிறவர் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

"அக்கா, உங்க ஆளு வாயே திறக்க மாட்டேங்கிறான்," என்று பூச்சி ஓடிவருவதற்குள் ஊர் முந்திக்கொண்டது. மகளைப் பறிகொடுத்தவன் என்றார்கள் சிலர். இல்லை, அவனே செத்துப் போனவன் என்றார்கள் வேறு சிலர். ‘மௌனத்தின் துணிச்சல்’ என்று ஒரு விமரிசகர் நாலு பக்கம் எழுதினார். முதலாளி அதைச் சுவரொட்டியாகவே அடித்துவிட்டார். அதற்கப்புறம் எந்த வாயால் போய்ச் சொல்வது? படகோட்டியோடு சேர்ந்து வசனக்காரியும் வாயை மூடிக்கொண்டாள்.

"சிறந்த எழுத்துக்கான விருது," என்றார் மேடையில் ரயிலைத் தவறவிட்டவர், மூச்சு வாங்க. "ஒரு சொல்லும் இல்லாமல் நம்மை அழவைத்த படகோட்டிக்காக, ‘ஏழு கரை’!"

கைதட்டல் கூரையைத் தொட்டது.

"எழுந்திரிங்க அண்ணி!"

"எழுதாததுக்குக் குடுக்கிறாங்கடி."

"எதுக்குக் குடுத்தா என்ன? போய் வாங்குங்க."

மேடையேறினாள். கையில் கனமான கண்ணாடிக் கட்டி. சீட்டைப் பிரித்தாள். ‘ஒவ்வொரு சொல்லையும் செதுக்கினேன்’ என்பது முதல் வரி. அதைப் படித்தால் பொய். படிக்காமல் உண்மையைச் சொன்னால் முதலாளியின் மானம் போகும். கீழே நாத்தனார் தன் தொழில் பழக்கத்தில், வாயை நன்றாகத் திற என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள். வசனக்காரி வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. கூட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படகோட்டி மாதிரியே நின்னியேம்மா!" என்று முதலாளி ஓடிவந்தார். "இப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. ரெண்டாம் பாகத்துல ஒருத்தனும் பேச வேண்டாம்."

"பாதின்னுதானே சொன்னீங்க? அதுவும் விருது வராட்டி."

"வந்துடுச்சே! பாதி எதுக்கு, முழுசா வெட்டிடலாம். பொறுப்பு உன்னுதுதான். எல்லாத்தையும் நீதான் எழுதாம இருக்கணும்."

திங்கட்கிழமை காலை அட்டவணையைத் திறந்தாள். படகோட்டியின் வரிகளை முதலிலிருந்து படித்தாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஒவ்வொன்றாக முடிந்தது, முடிந்தது என்று குறித்துக்கொண்டே போனாள்.

"அக்கா, விருதைத் திருப்பிக் கேப்பாங்க," என்றான் பூச்சி, நகத்தைக் கடித்தபடி.

"குடுத்துடலாம். காகிதம் பறக்காம இருக்கத்தான் ஆகுது."

"முதலாளி?"

"அவர்தான் பேச்சே வேண்டாம்னுட்டாரே. அவர்கிட்ட என்ன பேச்சு? விளையாட்டுக்குள்ள அனுப்பு."

பூச்சி கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான். மதியத்துக்குள் திரும்பி வந்தான். கையில் ஒரு கத்தை.

"நானூறு புகார் அக்கா. எல்லாம் ஒரே பழுதுதான். ‘படகோட்டி பேசுகிறான். உடனே சரிசெய்யவும்.’ இதுல முதல் ஆளே உங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்காரு. முதலாளி உள்ள கத்திக்கிட்டிருக்காரு, உங்களைக் கூப்பிடுறாரு."

"வரேன். எத்தனையாவது வரியில ‘தாண்டு’ தட்டினாங்களாம்?"

பூச்சி கத்தையைப் புரட்டினான். திரையில் எண்களைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

"யாரும் தட்டலை அக்கா. முந்நூத்துப் பன்னிரண்டையும் படிச்சு முடிச்சுட்டுத்தான் திட்டியிருக்காங்க."

வசனக்காரி எழுந்து, கண்ணாடிக் கட்டியைக் காகிதங்களின் மேல் நகர்த்தி வைத்துவிட்டு, முதலாளியின் அறைக்கு நடந்தாள்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்று பின்னாலேயே ஓடினான் பூச்சி.

"நிறைய," என்றாள்.