சும்மா தொட்டி

ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு ஆராய்ச்சிக்காரி வேலைக்கு வந்தபோது, 'சும்மா' தொட்டியில் மூன்று மீன்கள் கூடுதலாக நீந்திக்கொண்டிருந்தன.

மேசைமேல் நான்கு கண்ணாடித் தொட்டிகள், தொட்டிக்குப் பன்னிரண்டு கெண்டைக் குஞ்சுகள். ஒன்றில் தண்ணீரில் துளி ஈயம். ஒன்றைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள், அது காந்தப்புலத்துக்கு. ஒன்றில் இரண்டும். கடைசியில் வெறும் நல்ல தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க. ஈயம், காந்தம், ரெண்டும், சும்மா என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். ஊரெல்லாம் எண் போடும்போது இவளுக்கு மட்டும் பெயர் வைக்க ஆசை. அந்த ஆசைதான் இப்போது அவள் தலையில் விடிந்தது.

ஊர் ஏரியில் பேட்டரிப் பட்டறையின் ஈயக் கழிவு கலந்திருந்தது. ஏரிக்கடியில் மின்கேபிள் ஓடியது, அதைச் சுற்றிக் காந்தப்புலம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அளவுக்குள்தான். சேர்ந்தால் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து வட்டமடித்தது. அதை அவள் நிரூபித்தும் விட்டாள். அப்படியானால் ஏரி தேறாது, மூடிவிடலாம் என்றது ஆய்வைக் கேட்ட அரசுக் குழு. அந்த ஏரியில்தான் அவள் தங்கை வீட்டுக்காரர் வலை போடுகிறார். தங்கை பிழைப்பில் மண்ணள்ளிப் போட அவளே ஆறு மாதமாக ஆதாரம் சேர்த்திருக்கிறாள். அது நெஞ்சை அறுத்தது.

"அக்கா, தீனி போடத்தானே சொன்னேன். தொட்டில யாரு கை வெச்சது?"

புதிதாகக் கூட்டித் துடைக்க வந்திருந்த அக்கா ஈரத்துணியைப் பிழிந்தபடி நின்றார். "நான்தாம்மா. அந்த 'ரெண்டும்' தொட்டில மூணு மீனு சாஞ்சே கெடந்துச்சு. பார்க்கப் பாவமா இருந்துச்சு. பக்கத்துல சும்மா ஒண்ணு இருக்கேன்னு தூக்கி விட்டேன்."

"சும்மான்னா காலின்னு அர்த்தமில்லக்கா. உள்ள மீன் இருக்குல்ல?"

"அதுங்களும் சும்மாதானேம்மா இருந்துச்சு."

ஆராய்ச்சிக்காரி மூன்றையும் பிடித்து எடுக்கக் கைவலையோடு குனிந்தாள். அடையாளப் புள்ளியைத் தேடக்கூட வேண்டாம், சாய்ந்து நீந்துவதைப் பிடித்தால் போதும் என்று நினைத்தாள். ஒன்றுமே சாயவில்லை. தீனி தூவினாள்; முண்டியடித்து வந்ததில், வாலடியில் சிவப்புப் புள்ளி வைத்த 'ரெண்டும்' மீன்கள் மூன்றும் முன்வரிசையில் நின்றன.

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மீன் எப்படிக் கெடுகிறது என்றே பார்த்தவளுக்கு, வெளியே எடுத்தால் தேறுமா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. கழிவை நிறுத்தி, கேபிளை மாற்றினால் ஏரி மீனும் தேறலாம், ஏரியை மூட வேண்டியதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது.

"என்னைக்கு மாத்தினீங்க?"

"நீங்க வராத மொத நாளு. வேலை போயிடுமாம்மா?"

"போகாது. இனிமே சொல்லாம எதையும் தூக்காதீங்க. இப்ப மிச்சம் ஒம்போதுல அஞ்சை நல்ல தண்ணிக்கு மாத்தணும், நாலு அங்கயே இருக்கட்டும். கூட நில்லுங்க."

மூன்று மீனைக் காட்டினால் குழு சிரிக்கும். அதனால் இரண்டு மாதம் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதினாள். பிறகு தங்கைக்குப் போன் போட்டாள்.

"அப்புறம் பேசறேன்க்கா. படகைப் பார்க்க ஆள் வந்திருக்காங்க. இவரு வெலை பேசிட்டிருக்கார்."

"திருப்பி அனுப்பச் சொல்லு."

"ஏரி பொழைச்சிருச்சா?"

"இன்னும் தெரியாது. ஆனா அனுப்பிடு."