கை சோர்ந்த பெட்டி

திருவண்ணாமலையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் யோசனை சொல்கிறவர்களுக்குப் பஞ்சம் வராது. அருணாதேவியின் பின்பால் விளையாட்டுப் பெட்டி அரை மணி நேரம் ஆடியதும் சோர்ந்துபோகிறது என்ற செய்தி செங்கம் ரோட்டில் பரவியதிலிருந்து, வாசலைத் தாண்டிய ஒவ்வொருவரும் கையில் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஆட்டோ ஓட்டும் திருமலை, "வோல்ட்டேஜ் கம்மிங்க, ஸ்டெபிலைசர் போடுங்க" என்றான். எதிர்க்கடை ஜூஸ்காரர், பெட்டி இருக்கும் மூலை சரியில்லை என்றார். கிரிவலம் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஒரு பெரியவர் பூசணிக்காய் சுற்றி உடைக்கச் சொன்னார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பேச வசதி என்று அருணாதேவி நினைத்துக்கொண்டாள்.

பெட்டி வந்த கதையே ஒரு கூத்து. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர், மனத்தை அடக்குவதற்காக இந்த ஊருக்கு வந்தவர். அடக்க வந்தவர் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது, மணியடித்து, விளக்கு மினுக்கி, தெருவையே எழுப்புகிற இந்தச் சாமானை. மனம் அடங்கியதோ இல்லையோ, ஒரு நாள் கிளம்பிவிட்டார். அது நின்றுபோகும்போதெல்லாம் ஓடவைத்தவள் அருணாதேவி ஒருத்திதான் என்பதால், அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு முன் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடையில் கணக்கெழுதப் போய், கணக்கை விட்டுவிட்டுத் தொழிலைக் கற்றுக்கொண்டவள் அவள்.

வீட்டின் முன்னறையில் பெட்டியை நிறுத்தி, பக்கத்தில் இரண்டு கேரம் போர்டும் போட்டு, ஒரு விளையாட்டுக் கூடமாக்கிவிட்டாள். சாய்வான பலகைமேல் இரும்பு உருண்டை உருண்டு வரும். அது கீழே விழுந்துவிடாமல், இரண்டு பக்கமும் பட்டனை அமுக்கி, பிளிப்பரால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். பிளிப்பர் என்ற பேர் பிடிக்காமல் பிள்ளைகள் அதைக் 'கை' என்றார்கள். இப்போது அந்தக் கைகள்தான் சோர்ந்துபோயின. ஆரம்பத்தில் உருண்டையை உச்சிவரை விரட்டும். அரை மணியில் பாதி தூரம். அப்புறம் சீக்குக் கோழி சிறகைத் தூக்குவதுபோல ஒரு முனகல், அவ்வளவுதான்.

கொழுந்தன் சுரேஷ்குமார் இதற்குத்தான் காத்திருந்தான். பெட்டி நன்றாக ஓடிய நாளிலிருந்தே அந்த முன்னறையைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அங்கே காபிக் கடை வைக்க வேண்டும். செங்கம் ரோட்டில் ஏற்கெனவே இருக்கிற காபிக் கடைகளில் ஈ ஓட்ட ஆள் போதவில்லை. இருந்தாலும் அவனுக்கும் ஒன்று வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல இருந்து பின்பால் ஆடுற குரூப் வருதாமே அண்ணி. அன்னிக்கி முழுசா ஓடட்டும், நான் ரூம் பேச்சே எடுக்கமாட்டேன். நின்னுபோச்சுன்னா திங்கக்கிழமை டேபிள் சேர் இறக்கிடுவேன். சரியா?"

"சரி," என்றாள். அந்த வீட்டில் சமையலறை எல்லோருக்கும் பொது, படுக்கையறையில் பாதி புருஷனுக்கு. இவளுடையது என்று இருந்தது அந்த முன்னறை மட்டும்தான். அது போனால் மறுபடியும் இந்த வீட்டு மருமகள் என்பதைத் தவிர அவள் வேறு ஒன்றும் இல்லை.

புருஷன் பெயர் சக்கரவர்த்தி. பேரு பெத்த பேரு, தாக நீலு லேது என்று தெலுங்கில் சொல்வார்களே, பேர்தான் பெரிது, குடிக்கத் தண்ணீர் இல்லை என்று, அந்த ரகம். இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாலிசி பிடிக்கிற நேரத்தைவிட, மேடையேறி மூடநம்பிக்கையைச் சாடுகிற நேரம் ஜாஸ்தி. பௌர்ணமிக் கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு நாக்கு அரிக்கும். பகுத்தறிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஃபியூஸ் போனால் மட்டும், "தேவி, கரண்ட் போயிடுச்சு பாரு" என்று குரல் கொடுப்பார். அருணாதேவி பெட்டியைத் திறக்கிற சாயங்காலங்களில் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பது அவர் வேலை. அதையும் ஒழுங்காக அடிக்கமாட்டார். வெளிச்சம் சுவரில் இருக்கும், பேச்சு உலக விஷயத்தில் இருக்கும்.

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லங்க. செய்யத் தெரிஞ்சதுதான் ஒண்ணும் இல்ல," என்பாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்காது.

கைகள் ஏன் சோர்கின்றன என்று அவளுக்குத் தெரியும் என்றே நம்பினாள். ஒவ்வொரு கைக்கும் அடியில் ஒரு செப்புக் கம்பிச் சுருள். பட்டனை அமுக்கினால் அதில் முழுக் கரண்டும் பாய்ந்து கையைத் தூக்கும். கை முழுதாக மேலே போனதும் அங்கிருக்கிற ஒரு சின்ன சுவிட்ச் திறந்து பெரிய கரண்டை வெட்டிவிடும். தாங்கிப் பிடிக்கக் கொஞ்சம் போதும். வெட்டாவிட்டால் சுருள் கொதிக்கும். கொதிக்கிற சுருளுக்கு வலு கிடையாது.

கொதிப்பதற்குக் காரணம் ஆடுகிறவர்கள்தான் என்று முடிவு கட்டினாள். பௌர்ணமிக்கு வருகிற கூட்டம், டவுன் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல இரண்டு பட்டனையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். உருண்டை எங்கேயோ மேலே சுற்றிக்கொண்டிருக்கும், இவர்கள் கீழே அமுக்கிக்கொண்டிருப்பார்கள். 'பட்டனைப் பிடித்துத் தொங்காதீர்' என்று போர்டு எழுதி மாட்டினாள். யாரும் மதிக்கவில்லை. சுருளுக்கு நேராகச் சின்ன மின்விசிறி வைத்தாள். சுவிட்சின் தகட்டை வளைத்துச் சரிசெய்தாள். எல்லாம் செய்தும் கைகள் சோர்ந்தன. "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி இவனுங்களுக்கும் ஒண்ணு போடணும்," என்றாள். ஊரே முட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, பெட்டிக்குள் இன்னொரு முறை ஆழமாகப் பார்ப்பானேன் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில்தான், வேறு வழியில்லாமல், கையைத் தூக்கும் இரும்புத் தண்டை முழுதாகக் கழற்றினாள். தண்டு ஓடுகிற பிளாஸ்டிக் குழாய்க்குள் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தாள். நெய். நெய்யோடு கரி. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று சொல்லித்தர வேண்டாம். மலைமேல் எரிந்த மகாதீபத்தின் மை. மார்கழியில் கோயிலில் பிரசாதமாகக் கொடுப்பது, நெற்றியில் வைத்துக்கொள்வது. அதை யாரோ பெட்டியின் கைகளுக்குப் பொட்டாக வைத்திருக்கிறார்கள். சூட்டில் நெய் உருகிக் குழாய்க்குள் இறங்கி, தூசியோடு கோந்தாகியிருக்கிறது. தண்டு முழுதாக மேலே போகாமல் ஒரு மயிரிழை முன்னாலேயே நிற்கிறது. சுவிட்ச் எப்படித் திறக்கும்?

"பொன்னி!" என்று கத்தினாள். வீட்டு வேலைக்கு வருகிற பொன்னி, துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"உன் பக்தியை உன் வீட்டோட வெச்சிக்க மாட்டியா? சாமியை இரும்புல கொண்டாந்து பூசுனியே, என் ரூமே போவப்போவுது!"

"தீப மையை யாராச்சும் மிசின்ல பூசுவாங்களாம்மா? எங்களுக்கு அவ்ளோ கூடவா தெரியாது?" பொன்னியின் முகம் சிவந்துவிட்டது.

"அவளைத் திட்டாதே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சக்கரவர்த்தி கதவோரம் நின்றார். "நான்தான்."

அருணாதேவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படிப்பது ராமாயணம் இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இவர் மேடையில் இடிப்பவர், மறைவில் படிப்பவர்.

"நீங்களா? கோயில் பக்கம் போனா தீட்டுன்னு சொல்ற நீங்களா?"

"கியூவுல நின்னு வாங்கினேன். சுரேஷு ரூமைக் கேக்க ஆரம்பிச்சான் பாரு, அப்ப. எனக்கு ரிப்பேரு தெரியாது. வேற என்ன செய்யறதுன்னு தெரியல." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்கிட்ட சொன்னா சிரிப்பேன்னு சொல்லல."

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பொன்னியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேட்காமல், இரண்டு கைகளின் குழாயையும் சுரண்டிக் கழுவி, தண்டுகளைத் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் மாட்டினாள். அமுக்கிப் பார்த்தாள். உருண்டை கண்ணாடியில் இடித்துக்கொண்டு திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் கூட்டம் வந்தது. தலைவி கவியா என்ற பெண். ஆட்டத்தைத் தவிர உலகில் எதுவும் இல்லை என்பதுபோல ஆடினாள். காலையில் ஆரம்பித்தது, மதியம் சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. சுரேஷ்குமார் சுவரில் சாய்ந்து, எப்போது சோரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். சோரவில்லை. அடியில் கை வைத்துப் பார்த்தாள் அருணாதேவி. சுருள் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"எப்படிக்கா? எங்க ஊர் மெஷினே இப்ப டயர்டாகி இருக்கும். சூடாகாம எப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் கவியா.

எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். சக்கரவர்த்தி அப்போதுதான் டீத் தட்டோடு உள்ளே வந்தார். அவரும் பார்த்தார். சுத்தமா வெச்சிருக்கேன் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் வருஷக்கணக்காக ஏளனம் ஊறிய நாக்கு அது.

"அதை எங்க வீட்டுப் பகுத்தறிவுச் சிங்கத்தைக் கேளும்மா," என்று ஆரம்பித்து, கியூவில் நின்றது, பொட்டு வைத்தது, நெய் உருகியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். மேடைப்பேச்சைப் போலவே பேசியும் காட்டினாள். கூடமே அதிர்ந்தது. சுரேஷ்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, மெய்யாலுமா? இனிமே மீட்டிங்குக்கு மையோட போ!" சக்கரவர்த்தியும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகவே சிரித்தார். டீயைக் கொடுத்துவிட்டு, காலித் தட்டோடு வெளியே போனார்.

பொழுது சாய்கையில் மெட்ராஸ் கூட்டம் கிளம்பியது. "ரூம் உங்களுக்குத்தான் அண்ணி," என்று சுரேஷ்குமார் இன்னமும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். ஜெயித்துவிட்டாள். முன்னறை அவளுடையது, இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

வழக்கம்போலக் கண்ணாடியைத் தூக்கிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. டார்ச்சுக்குக் கை நீட்டியபோதுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேலி மாதிரியே இல்லாத ஒரு குரல் தன்னிடம் இருக்கிறதா என்று தேடி, அதில் கூப்பிட்டாள்.

"ஏங்க, உள்ள வாங்களேன். இன்னிக்கி நல்லா ஓடுது. நீங்க ஒரு பால் ஆடிப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பகலில் சிரித்த அதே சிரிப்புதான் இருந்தது.

"வேணாம் தேவி," என்றார். "நான் தொட்டா சூடாயிடும்."